‘சங்கத்தில் அரசியல் பேசுவதில்லை’: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

பொங்கல் விழா நன்றாகவே நடந்தது. சர்க்கரைப் பொங்கல் கடைசிப் பந்தி வரைக்கும் வந்தது, கோலப் போட்டியில் சண்டை வரவில்லை. நான் குறை சொல்ல எழுதவில்லை. விழா முடிந்து நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்த ஒரு பேச்சுதான் என்னை எழுத வைத்தது.

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் ஒரு பையனின் அம்மா, ஏழு மாதக் கர்ப்பிணி, குழுவில் இருந்த ஒருவரிடம் கேட்டார்: “பிறப்புக் குடியுரிமை வழக்கு பத்தி ஒரு வக்கீலைக் கூப்பிட்டுக் கூட்டம் போட முடியுமாங்க? எச்-1பி வேலை விசாவுல இருக்கறவங்க நிறையப் பேர் பயந்து போயிருக்கோம்.” யோசிக்காமல் பதில் வந்தது: “சங்கத்துல அரசியல் பேசறதில்லைம்மா. நாம லாப நோக்கில்லாத அமைப்பு, பேசவும் கூடாது. அதுவும் இல்லாம நாமெல்லாம் முறையா விசா வாங்கி வந்தவங்க. நமக்கு ஒண்ணும் ஆகாது.”

அந்தப் பெண் ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டுப் பையனின் ஜாக்கெட்டைத் தேடப் போய்விட்டார். எந்த ஊர், எந்தச் சங்கம் என்று நான் சொல்லப்போவதில்லை. இதே பதிலை வேறு ஊர்களிலும் கேட்டதாகத் தோழிகள் சொன்னார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அமெரிக்க மண்ணில் பிறந்தாலே அமெரிக்கக் குடிமகன் என்பதுதான் பிறப்புக் குடியுரிமை. அதை வெட்டப் பார்க்கும் ஆணையின் மேல்தான் அந்தப் பெண் சொன்ன வழக்கு. அவருக்குக் கிடைத்த பதிலின் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் அதிகம் உறுத்தியது. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட 14160 எண் ஆணையைத் தயவுசெய்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். சிறியதுதான், ஒரு காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம். யார் பெற்ற குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்று அது இரண்டு வகை சொல்கிறது. முதல் வகை, அம்மா ஆவணமில்லாமல் இங்கே இருப்பவர், அப்பா குடிமகனும் இல்லை, கிரீன் கார்டுகாரரும் இல்லை. செய்தியில் எல்லோரும் பேசியது இதைத்தான். இரண்டாவது வகை, அம்மா சட்டப்படி, ஆனால் தற்காலிகமாக இருப்பவர், அப்பா மேலே சொன்ன மாதிரியே. மாணவர் விசா, வேலை விசா, சுற்றுலா விசா எல்லாம் இதற்குள் வரும். அந்த ஏழு மாதக் கர்ப்பிணியின் வீடு அப்படியே இதில் இருக்கிறது. கணவர் எச்-1பி, அவர் துணைவருக்கான எச்-4. முறையாக வந்தவர்கள்தான்.

ஆணை அன்றிலிருந்து முப்பது நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கு என்று எழுதப்பட்டிருந்தது. கணக்குப் போட்டால் பிப்ரவரி 19. அந்த நாளுக்கு முன்பே சிசேரியன் செய்துகொள்ள முடியுமா என்று சில இந்தியப் பெற்றோர் மருத்துவரைக் கேட்பதாக அப்போது செய்தி வந்தது. நம் ஊரில் நாள் நட்சத்திரம் பார்த்து அறுவைக்கு நேரம் குறிப்பது தெரிந்த கதை. வெள்ளை மாளிகையின் காலண்டரைப் பார்த்து நாள் குறிப்பதை நான் அந்த வருடம்தான் கேள்விப்பட்டேன்.

பிப்ரவரி 19 என்பது தற்செயல்தான். ஆனால் ஆசியர்களுக்கு இந்த நாட்டில் அந்தத் தேதி ராசியில்லாதது. 1942-இல் அதே நாளில் ரூஸ்வெல்ட் 9066 எண் ஆணையில் கையெழுத்திட்டார். ஜப்பானிய வம்சத்தவர் சுமார் 1,20,000 பேரை முள்வேலிக்குள் அடைத்த ஆணை அது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே பிறந்த குடிமக்கள். 1923-இல் அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பு நேரடியாக நம்மைப் பற்றியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. சனிக்கிழமை காலையில் உயிர்மெய் எழுத்து சொல்லிக்கொடுப்பவள். போன நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ சைனா டவுனுக்குப் போயிருந்தபோது சாக்ரமெண்டோ தெருவில் ஏறினேன். மூச்சு வாங்க வைக்கும் மேடு. பிறப்புக் குடியுரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த வோங் கிம் ஆர்க் அங்கே 751-ஆம் எண் வீட்டில்தான் பிறந்தார். அந்தத் தீர்ப்பு சொல்கிறபடி 1873-இல். அந்த இலக்கத்தைத் தேடிப் போன நான் பக்கத்தில் 755-க்கு முன்னால் நின்றுவிட்டேன். நாம் கியூ பள்ளி. தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சீன மொழி சொல்லிக்கொடுக்க ஓர் ஊர்ச்சங்கம் 1920-களில் கட்டிய பள்ளிக்கூடம். நம் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு நூற்றாண்டு மூத்த அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வோங் ஒரு சமையல்காரர். அப்பா அம்மா சைனா டவுனில் வியாபாரம் செய்தவர்கள், பிறகு சீனாவுக்கே திரும்பிவிட்டார்கள். மகன் போய்ப் பார்த்துவிட்டு வருவார். 1895 ஆகஸ்டில் ‘காப்டிக்’ என்ற கப்பலில் திரும்பி வந்தபோது துறைமுகச் சுங்க அதிகாரி இறங்கவிடவில்லை. நீ சீனன், 1882-இன் சீனர் விலக்குச் சட்டம் உனக்குப் பொருந்தும் என்றார். வோங்கின் கையில் வெள்ளைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்று இருந்தது, இவன் இங்கேதான் பிறந்தான் என்று. அப்படியும் பலிக்கவில்லை. சொந்த ஊரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாற்றப்பட்டுக் கடலிலேயே கிடந்தார்.

அவர் கையில் எடுத்தது அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது திருத்தத்தின் முதல் வாக்கியம். அமெரிக்காவில் பிறந்து அல்லது குடியுரிமை பெற்று, அதன் ஆளுகைக்கு உட்பட்ட எல்லோரும் அமெரிக்கக் குடிமக்கள் என்பது அதன் சாரம். 1868-இல் எழுதிச் சேர்த்தது. அதற்குப் பதினொரு வருடம் முன்பு ட்ரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டானி, ஆப்பிரிக்க வம்சத்தவர் அடிமையானாலும் விடுதலை பெற்றவரானாலும் இந்த நாட்டின் குடிமகனாகவே முடியாது என்று தீர்ப்பு எழுதியிருந்தார். உள்நாட்டுப் போரில் ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்த பிறகு, இனிமேல் எந்த நீதிபதியும் எந்த அதிபரும் வம்சம் பார்த்து ஆள் பிரிக்க முடியாதபடி போட்ட பூட்டு அது. கறுப்பர்களுக்காக மட்டும் போட்டது என்று டிரம்பின் ஆணையை ஆதரிப்பவர்கள் இப்போது சொல்கிறார்கள். 1866-இல் செனட்டில் இது விவாதத்துக்கு வந்தபோதே பென்சில்வேனியாவின் கோவன், அப்படியானால் கலிபோர்னியாவில் பிறக்கும் சீனக் குழந்தையும் குடிமகனா என்று கேட்டார். கலிபோர்னியாவின் கானஸ், ஆமாம் என்று எழுந்து சொன்னார். தெரிந்தேதான் ஓட்டுப் போட்டார்கள்.

1898 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் வோங் பக்கம் தீர்ப்பளித்தது. பெற்றோர் சீனச் சக்கரவர்த்தியின் குடிகளாக இருக்கலாம், பிள்ளை அமெரிக்கன். தூதரின் பிள்ளை, படையெடுத்து வந்த எதிரியின் பிள்ளை, பூர்வகுடி இனத்தாரின் பிள்ளை போன்ற சிலரைத் தவிர, இந்த மண்ணில் பிறந்தவர் இந்த நாட்டவர். (பூர்வகுடிகளுக்கு 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மண்ணுக்கே சொந்தக்காரர்களுக்குக் கடைசியில் கிடைத்தது.)

இந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹொரேஸ் கிரே. இரண்டு வருடம் முன்பு பிளெஸ்ஸி வழக்கில், ரயிலில் கறுப்பருக்குத் தனிப் பெட்டி வைத்தால் தப்பில்லை என்ற பக்கம் கையெழுத்துப் போட்டவரும் இவர்தான். அந்த வழக்கில் ஒற்றை ஆளாக எதிர்த்து, அரசமைப்புச் சட்டம் நிறம் பார்க்காது என்று எழுதியவர் ஹார்லன். அவர் வோங்குக்கு எதிராக நின்றார்! பிளெஸ்ஸியில் அவர் எழுதிய அந்தப் புகழ்பெற்ற மாறுபட்ட தீர்ப்பிலேயே சீனர்களைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது, வாசித்தால் முகம் சுளிக்கும். நல்ல நீதிபதி, கெட்ட நீதிபதி என்று பிரித்து வைத்துக்கொண்டு இந்த நாட்டுச் சட்ட வரலாற்றைப் படிக்கவே முடியாது என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது.

சரி, ஒரு சமையல்காரருக்கு உச்ச நீதிமன்றம் வரை போகப் பணம் எங்கிருந்து வந்தது? நான் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணமே இந்தக் கேள்விதான். பணம் கொடுத்தது சங்கம். ‘ஆறு கம்பெனி’ என்று ஊர் அழைத்த சீனர் சங்கங்களின் கூட்டமைப்பு. ஒவ்வொரு மாவட்டத்துக்காரர்களுக்கும் ஒரு சங்கம், அத்தனைக்கும் மேலே இது. கப்பலில் வந்து இறங்குபவருக்குத் தங்க இடம் பார்ப்பார்கள், கடன் தகராறு தீர்ப்பார்கள், இறந்தவரின் எலும்பை ஊருக்கு அனுப்பி வைப்பார்கள். நாமும் அதைத்தானே செய்கிறோம்? போன வருடம் மாரடைப்பில் போன ஒரு தம்பியின் உடலைத் திருச்சிக்கு அனுப்ப இரண்டே நாளில் பணம் சேர்த்தோம். அவர்கள் அதோடு நிற்காமல் வக்கீலும் வைத்தார்கள்.

எப்போதும் ஜெயிக்கவும் இல்லை. சீனத் தொழிலாளிகள் எல்லோரும் பதிவுச் சான்று வாங்கி வைத்திருக்க வேண்டும், பிடிபட்டால் வெள்ளைக்காரர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்று 1892-இல் கியரி சட்டம் வந்தது. யாரும் பதிய வேண்டாம், ஆளுக்கு ஒரு டாலர் கொடுங்கள், வழக்குப் போடுவோம் என்று ஆறு கம்பெனி அறிவித்தது. 1893-இல் தோற்றார்கள். தீர்ப்பை எழுதியவர் இதே கிரே. சங்கத்தை நம்பிப் பதியாமல் இருந்தவர்களின் கோபத்தை நினைத்துப் பாருங்கள், நம் பொதுக்குழுவில் நடக்கும் கூச்சல் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இருந்தும் ஐந்தே வருடத்தில் அதே நீதிபதியிடம் போய் வோங் வழக்கை ஜெயித்தார்கள்.

அதற்கும் முன்னால், 1886-இல், சலவைக்காரர்களின் வழக்கு. மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த நகர சபையின் அனுமதி வேண்டும் என்று சான் ஃபிரான்சிஸ்கோ விதி போட்டது. சட்டத்தில் சீனர் என்ற சொல்லே கிடையாது. விண்ணப்பித்த சுமார் 200 சீனருக்கும் அனுமதி இல்லை, மற்றவர்களில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. இருபத்திரண்டு வருடமாக ஒரே இடத்தில் துணி வெளுத்த ‘யிக் வோ’ கடைக்காரரைப் பத்து டாலர் அபராதம் கட்டாததற்குச் சிறையில் போட்டார்கள். 14-ஆவது திருத்தத்தில் சமமான சட்டப் பாதுகாப்பு ‘எந்த மனிதருக்கும்’ என்றுதான் இருக்கிறது, ‘குடிமகனுக்கு’ என்று இல்லை, ஆகவே சீனக் குடிமகனுக்கும் அது உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று விசாவில் இருக்கும் எந்த வெளிநாட்டவரும் நீதிமன்றத்தில் போய் நின்று ‘எனக்குச் சம உரிமை’ என்று கேட்க முடிகிறது என்றால், அந்தச் சலவைக்கடைக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இனி நம் கதை. பகத் சிங் திந்த், பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். குடியுரிமை கேட்டார். அப்போதைய சட்டப்படி வெள்ளையரோ ஆப்பிரிக்க வம்சத்தவரோதான் குடியுரிமை பெற முடியும். அந்தச் சட்டமே தவறு என்று திந்த் தரப்பு வாதாடவில்லை. நான் ஆரியன், உயர்சாதி, எனவே வெள்ளையன் என்று வாதாடியது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உயர்சாதி இந்து, இந்தியாவின் பழங்குடி மங்கோலியரைக் கல்யாண விஷயத்தில் எப்படிப் பார்க்கிறாரோ, அப்படித்தான் அமெரிக்கர் கறுப்பரைப் பார்க்கிறார் என்று மனுவிலேயே எழுதினார்கள். சாதியைத் தகுதிச் சான்றிதழாக உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். நீதிபதி சதர்லண்ட், பண்டிதர்கள் உங்களைக் காக்கேசியர் என்று சொல்லலாம், தெருவில் போகும் சாதாரண மனிதன் உங்களை வெள்ளையன் என்று சொல்லமாட்டான் என்று முடித்துவிட்டார். ஒன்பது பேரும் ஒரே குரலில். சதர்லண்ட் இங்கிலாந்தில் பிறந்து இங்கே குடியேறியவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1923 பிப்ரவரி 19.

அதன் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க அரசு வழக்குப் போட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் குடியுரிமையை இழந்து, 1928-இல் தற்கொலை செய்துகொண்டார். இந்தியர் குடியுரிமை பெறலாம் என்ற சட்டம் 1946-இல்தான் வந்தது.

‘நாமெல்லாம் முறையா வந்தவங்க’ என்ற சொல் எனக்குத் திந்தின் மனுவைத்தான் நினைவூட்டியது. நாங்கள் அவர்கள் மாதிரி இல்லை என்று சொல்லி உள்ளே போகப் பார்த்தவருக்குக் கதவு மூடியது. பிறந்த எல்லோருக்கும் என்ற வரியைப் பிடித்துக்கொண்ட சமையல்காரருக்குத் திறந்தது. திறந்த பிறகும் அவருக்கு நிம்மதி இல்லை என்பது வேறு விஷயம். உச்ச நீதிமன்றமே குடிமகன் என்று சொன்ன அந்த மனிதரை 1901-இல் டெக்சஸில் எல் பாசோவில் சீனர் என்று பிடித்து வைத்தார்கள். 1910-இல் அவருடைய மூத்த மகன் வந்தபோது, இவன் உன் மகன்தானா என்று நம்பாமல் ஏஞ்சல் தீவுக் குடியேற்ற நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்போதைய வழக்கில் அரசுத் தரப்பு கையில் வைத்திருப்பதும் இதே வோங் தீர்ப்புதான். வோங்கின் பெற்றோர் இங்கே நிலையாக வசித்தவர்கள் என்று கிரே பல இடங்களில் எழுதியிருக்கிறார், ஆகவே தற்காலிகமாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது என்கிறார்கள். வாதம் ஒரேயடியாக அபத்தம் என்று நான் சொல்லமாட்டேன், அந்தச் சொற்கள் தீர்ப்பில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் கிரே தன் முடிவுக்கு வந்த வழி வேறு. இங்கிலாந்தில் 1608-இல் நடந்த கால்வின் வழக்கு வரைக்கும் பின்னால் போய், ஒரு நாட்டுக்குள் இருக்கும் வரை அந்நியரும் அதன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், அதன் பாதுகாப்பில் இருப்பவர், ஆகவே அங்கே பிறக்கும் பிள்ளை அந்த நாட்டுப் பிள்ளை என்ற பழைய பொதுச் சட்டத்திலிருந்து அவர் வருகிறார். ‘தற்காலிகம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பால் கிரீன் கார்டு வரிசையில் பதினைந்து வருடமாக நிற்பவர், வரி கட்டுகிறவர், வீட்டுக் கடன் கட்டுகிறவர், அந்த ஆணையின் பாஷையில் தற்காலிகமானவர்.

ஆணை வந்த மூன்றாம் நாளே சியாட்டிலில் நீதிபதி கோஹனௌர் அதை அப்பட்டமான அரசமைப்புச் சட்ட மீறல் என்று சொல்லித் தடுத்தார். அவரை நியமித்தவர் டிரம்பின் கட்சிக்காரரான ரீகன். மற்ற நீதிமன்றங்களும் தடுத்தன. 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், ஒரு மாவட்ட நீதிபதி வழக்குப் போடாதவர்களுக்கும் சேர்த்து நாடு முழுக்கத் தடை விதிப்பது பொதுவாக அவர் அதிகாரத்தில் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆணை சரியா தவறா என்று அதில் சொல்லவில்லை. ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் நீதிபதி லாப்லான்ட், அவரை நியமித்தவர் அதே கட்சியின் இளைய புஷ், பாதிக்கப்படும் குழந்தைகள் எல்லோரையும் ஒரே தரப்பாகச் சேர்த்துக் கூட்டு வழக்காக்கி மறுபடி தடுத்தார். டிசம்பர் 5 அன்று அந்த வழக்கை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. நான் இதை எழுதும் 2026 பொங்கல் வாரத்தில் விசாரணை இன்னும் நடக்கவில்லை.

ஜூன் தீர்ப்பின் பெயர் டிரம்ப் எதிர் காசா. காசா என்பது மேரிலாந்தில் தொடங்கிய ஒரு குடியேறிகள் அமைப்பு. உறுப்பினர் உண்டு, சந்தா உண்டு, வகுப்புகள் உண்டு. வழக்குப் போட்டவருக்குத்தான் முழு நிவாரணம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, ஒரு கேள்வி ரொம்பவே முக்கியமாகிவிட்டது: வழக்குப் போட்டவர் யார்? ஓர் அமைப்பு தன் உறுப்பினர்களுக்காக நீதிமன்றத்தில் நிற்க முடியும். அப்படி நின்றால் நிவாரணம் அந்த உறுப்பினர்களுக்கும் போய்ச் சேரும். கூட்டு வழக்கு இல்லாத நாளில், எந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறோம் என்பதே பிறக்கும் பிள்ளையின் குடியுரிமையைத் தொடக்கூடிய விஷயமாகிவிடும். தீபாவளி டிக்கெட்டில் பத்து டாலர் தள்ளுபடிக்கு மட்டும் பயன்படும் நம் உறுப்பினர் அட்டையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அப்புறம் அந்த ‘லாப நோக்கில்லாத அமைப்பு’ விஷயம். நம் சங்கங்களில் பெரும்பாலானவை 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பிரிவில் பதிவு பெற்றவை. அந்தப் பிரிவு அறவே தடுப்பது தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரிப்பதையும் எதிர்ப்பதையும். 1954 முதல் இருக்கும் விதி. சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டுவதற்கு ஓர் அளவு உண்டு. அரசமைப்புச் சட்டத்தைப் பற்றி வகுப்பு நடத்துவதோ, வக்கீலைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதோ, நீதிமன்றத்துக்கு ‘எங்கள் மக்களின் நிலை இது’ என்று, வழக்கில் தரப்பாக இல்லாதவரும் போடக்கூடிய அமிகஸ் மனு போடுவதோ தடையில்லை. என்னை நம்ப வேண்டாம், உங்கள் கணக்காளரைக் கேளுங்கள். நடிகரை வரவழைக்க ஒப்பந்தம் போடும்போது ஒவ்வொரு வரியையும் படிக்கிற நீங்கள் இதையும் படித்திருக்கலாம்.

குழுவில் இருப்பவர்களில் பலர் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள். நானும்தான். என் மகள் பிறந்தபோது நாங்கள் எச்-1பி. மருத்துவமனையில் கொடுத்த படிவத்தைப் பூர்த்தி செய்தோம், பிறப்புச் சான்றிதழ் வந்தது, அதைக் காட்டி பாஸ்போர்ட் வாங்கினோம். யாரும் எங்கள் விசாவைக் கேட்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சித்திரை விழாவில் காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை பட்டிமன்ற ஒத்திகைக்கு என்று அந்தச் சின்ன அறையை எடுத்து வைப்பீர்கள். இந்த முறை அதை எங்களுக்குக் கொடுங்கள். குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேசிவிட்டேன், கட்டணம் வேண்டாம் என்றார். ஆணையையும் 14-ஆவது திருத்தத்தின் முதல் பிரிவையும் தமிழில் ஒரே தாளில் அச்சடித்துத் தருகிறேன். அந்த அம்மாவுக்குப் பிரசவம் மார்ச் கடைசியில். கைக்குழந்தையோடு வருவார், அதனால் அறைக்கதவை மூடிக்கொள்ளலாமா என்று மட்டும் மண்டபத்துக்காரரிடம் கேட்டு வையுங்கள், வெளியே பறை அடிப்பார்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்பு ஆசிரியை